நூற்று எண்பத்தேழாம் எண்

மில்வாக்கி
ஜூன் 11

அன்புள்ள ஆர்டிஸ்,

மூன்று தடவை போன் செய்தேன். இரண்டு தடவை என் குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டாய். மூன்றாம் தடவை உன் வீட்டுக்காரர் எடுத்து, "அவ தொழுவத்துல இருக்கா" என்றார். மதியம் இரண்டு மணிக்குத் தொழுவத்தில் உனக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. வெர்லினுக்குப் பொய் சொல்ல வராது. பாவம், மனிதர் திணறிப்போனார்.

அதனால்தான் கடிதம். வந்த கடிதத்துக்குப் பதில் போடாத ஆள் இல்லை நீ.

ஜனாதிபதி லாத்ராப் மறுபடியும் நிற்கிறார் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். விஸ்கான்சின் முழுவதற்கும் என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். போன முறை இருபத்திரண்டு லட்சம் ஓட்டில் வெறும் பதினேழாயிரத்தில் தப்பித்தோம். இந்த முறை ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிற சபையில் நம் மாநிலத்துக்குரிய பதினோரு தேர்வாளர் ஓட்டு கிடைக்காவிட்டால் அவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை நான் சொல்லவில்லை, வாஷிங்டன் சொல்கிறது.

வாஷிங்டன் இன்னொன்றும் சொல்கிறது. பிரெஸ்காட் என்று ஒரு நிபுணரை அனுப்பியிருக்கிறார்கள். வந்த அன்றே சுவரில் வரைபடத்தை மாட்டி, மேற்கே உங்கள் பால் மாவட்டங்கள் ஆறிலும் சிவப்புப் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுவிட்டார். காரணம் கேட்டால் போன் கணக்கைக் காட்டுகிறார். நூறு வீட்டுக்குப் போன் செய்தால் அறுபத்தொரு வீட்டில் எடுப்பதே இல்லை. "ஆர்வம் இல்லாதவங்க. அங்க போறது வீண்வேலை. இந்தச் சக்தியை நகரத்தைச் சுத்திச் செலவு பண்ணுங்க" என்கிறார். நீங்கள் ஆர்வம் இல்லாதவர்களா! ஒரு பள்ளிக்கூடக் குழுத் தேர்தலுக்கு நான்கு மணி நேரம் சண்டை போட்ட ஊர் அது.

ஆர்டிஸ், நீ மறுபடி நம் கட்சியின் மாவட்டத் தலைவியாக வரவேண்டும். பால் விலை விஷயத்தில் நடந்தது வருத்தம்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டது நான் இல்லையே. இரண்டு வருஷம் பேசாமல் இருந்தது போதாதா?

உன்
பெர்னடெட் குயாவா

*

நார்டால்
ஜூன் 17

பெர்னடெட்,

கடிதம் வந்தது. பதில் போடுகிறேன்.

உங்கள் ஆட்கள் போன் செய்வது மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. எனக்கும் ஒரு நாள் மணி அடித்தது, வீட்டுக்குள் இருந்த பூனை கேட்டிருக்கும். அந்த நேரத்தில் நான் ஒரு மாட்டுக்கும் இன்னொரு மாட்டுக்கும் நடுவில் குந்தியிருப்பேன். வெர்லின் அந்தப் பக்கம் இருப்பார். இந்த ஆறு மாவட்டத்திலும் மாடு வைத்திருக்கிற எல்லாரும் அப்படித்தான். கறவை நேரத்தில் வீட்டுக்குள் இருப்பவர் ஒன்று குழந்தை, இல்லை நோயாளி. போன தேர்தலின்போது ஐந்து மாதம் என் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தாய். இதைக்கூட நீ அந்த நிபுணரிடம் சொல்லவில்லையா?

இரண்டாவது விஷயம். கையெழுத்துப் போட்டது நீ இல்லை என்று எழுதியிருக்கிறாய். நானும் இல்லைதான். ஆனால் தேவாலயத்து அடித்தளக் கூடத்தில் முந்நூறு பேர் முன்னால் எழுந்து நின்று, "நம்ம பாலோட ஆதரவு விலையில இந்த மனுஷன் கை வைக்க மாட்டார். இது என் வார்த்தை" என்று சொன்னது யார்? நான். உன்னை நம்பிச் சொன்னேன். இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் இந்த மாவட்டத்தைப் பிடித்துக் கொடுத்தேன். அடுத்த வருஷமே கை வைத்தார்.

எதிர்வீட்டு லெஸ்டர் பிரெக்கியை உனக்கு நினைவிருக்கும். அந்த இலையுதிர் காலமே மாடுகளை விற்றுவிடுவதாக இருந்தார். நல்ல விலைக்கு ஆள்கூட வந்தது. என் பேச்சைக் கேட்டு வைத்துக்கொண்டார். விலை விழுந்த பிறகு முப்பத்தெட்டு மாட்டையும் ஏலத்தில் விட்டார். அன்று நான் போனேன். அவர் என்னைப் பார்த்தார், தொப்பியைக் கீழே இறக்கிக்கொண்டு திரும்பி நின்றுகொண்டார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. என் வீட்டு வாசலுக்கும் அவர் வாசலுக்கும் நடுவில் ஒரு சாலைதான். தினமும் காலையில் அதைத் தாண்டி அந்தக் காலித் தொழுவத்தைப் பார்க்கிறேன்.

அன்றைக்கு நீ வரவில்லை. போன் செய்தாய். அதனால்தான் போனை வைத்துவிடுகிறேன்.

தலைவி வேலை எனக்கு வேண்டாம். இந்த ஊரில் என் வார்த்தைக்கு மதிப்புத் திரும்புகிற வரை யாருக்காகவும் ஓட்டுக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

ஆர்டிஸ் ஹெல்கசன்

*

மில்வாக்கி
ஜூலை 2

அன்புள்ள ஆர்டிஸ்,

முதலில் நன்றி. மனதாரச் சொல்கிறேன்.

போன் நேரத்தைப் பகல் பதினொன்றிலிருந்து ஒன்று வரை என்று மாற்றினோம். எடுக்காத வீடுகள் அறுபத்தொன்றிலிருந்து பதினான்காக இறங்கிவிட்டன. எடுத்தவர்கள் எல்லாம் நம்மைத் திட்டினார்கள் என்பது வேறு விஷயம். திட்டுகிறவர்களிடம் பேசலாம், எடுக்காதவர்களிடம் எப்படிப் பேசுவது? பிரெஸ்காட்டிடம் காரணத்தைச் சொன்னேன். நன்றாக யோசித்துவிட்டு, "மாட்டை ஏழு மணிக்குக் கறக்கச் சொல்ல முடியாதா?" என்று கேட்டார். அலுவலகத்தில் பாதிப் பேர் காபியைத் துப்பிவிட்டார்கள். ஆனால் ஆள் நேர்மையானவர். தப்பு என்று தெரிந்ததும் அழிப்பானை எடுத்து ஆறு மாவட்டத்துக் கோட்டையும் தானே அழித்தார்.

உன் ஒரு கடிதம் ஆறு மாவட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறது. இதை யாரும் செய்தித்தாளில் போட மாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

இப்போது ஜனாதிபதியை அக்டோபரில் உங்கள் பக்கம் கூட்டிவரத் திட்டம். லா கிராஸ் விமான நிலையத்தில் மேடை, வாத்தியக்குழு, கொடி. பிரெஸ்காட் குறித்திருக்கும் நேரம் மாலை ஐந்து. தலையில் அடித்துக்கொள்ளாதே, நானே அடித்துக்கொண்டுவிட்டேன்.

எந்த நேரம், எந்த இடம் என்று நீயே சொல். லெஸ்டரைப் பற்றி எழுதியதைப் பலமுறை படித்தேன். ஏலத்து அன்று நான் வந்திருக்க வேண்டும். அன்று எனக்கு எந்த வேலையும் இல்லை. பயம். அவ்வளவுதான்.

பெர்னி

*

நார்டால்
ஜூலை 20

பெர்னி,

இரண்டாம் புல் அறுப்பு முடிந்தது. இப்போதுதான் உட்கார நேரம்.

பயம் என்று எழுதியது நல்லது. அதைப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

மேடையும் வாத்தியமும் யாருக்கு வேண்டும்? அவர் வருவதானால் அக்டோபர் பதின்மூன்றாம் தேதி எங்கள் தேவாலயத்து லூட்டஃபிஸ்க் மீன் விருந்துக்கு வரட்டும். நீ அந்த மீனைப் பற்றி என்ன சொல்வாய் என்று தெரியும். சோப்பு என்பாய். உங்கள் போலந்துக்காரர்களின் வாத்து ரத்த சூப்பைப் பற்றி நான் ஏதாவது சொல்கிறேனா?

விருந்துக்கு எண்ணூறு பேர் வருவார்கள். கூடத்தில் ஒரு நேரத்தில் எண்பது பேர்தான் உட்காரலாம். அதனால் வாசலில் சீட்டு எண் வாங்கிக்கொண்டு, மேலே பிரார்த்தனை பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். யாரும் முந்துவதில்லை. பிஷப் வந்தபோது இருநூற்றுச் சொச்சம் எண். பாடல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊர் விஷயமெல்லாம் பேசித் தீர்ப்பது அந்தப் பெஞ்சில்தான், கீழே சாப்பாட்டில் இல்லை.

என் நிபந்தனை இதுதான். மதியம் வரட்டும். எல்லாரையும் போல எண் வாங்கட்டும். பெஞ்சில் உட்காரட்டும். யாராவது பால் விலையைப் பற்றிக் கேட்டால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லட்டும். இதற்கு நீ பொறுப்பு என்றால், மாவட்டத்தில் எல்லா வீட்டுக்கும் நான் போன் செய்து வரச்சொல்கிறேன். ஓட்டுப் போடச் சொல்ல மாட்டேன். வரச்சொல்வேன்.

ஆர்டிஸ்

*

மில்வாக்கி
ஆகஸ்ட் 9

அன்புள்ள ஆர்டிஸ்,

விருந்துக்கு வாஷிங்டன் சம்மதித்துவிட்டது. பெஞ்சுக்குச் சம்மதிக்கவில்லை. பத்து நிமிஷம், நேராகக் கூடத்துக்கு இறங்கி, ஏப்ரன் கட்டி, மீன் பரிமாறுகிற மாதிரி ஒரு படம், புறப்பாடு. பால் விலை பற்றி யாரும் கேட்காதபடி பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு ஊர் முடித்துவிடலாமாம். நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். விடமாட்டேன்.

ஆனால் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் உனக்காகச் சண்டை போடுவது சரியில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் உன் சமையலறையில் உட்கார்ந்து உன் காபியைக் குடித்துக்கொண்டே, "அவரோட ஆளுங்க உறுதியா சொல்லிட்டாங்க ஆர்டிஸ், கை வைக்க மாட்டார்" என்றேன். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு வந்த தந்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. "விலையைக் குறைக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை" என்று இருந்தது. அந்த "இப்போதைக்கு" என் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. உன் மாவட்டம் மயிரிழையில் இருந்தது. நீ சொன்னால் ஊர் கேட்கும். அதனால் விழுங்கிவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு நீ கதவை ஒரேயடியாகச் சாத்தினாலும் நியாயம்தான். ஐந்து மாதம் எனக்குச் சோறு போட்டாய், ஜுரம் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அதற்கெல்லாம் நான் உனக்கு நன்றி சொன்னதே இல்லை. சொல்லப் போகும்போதெல்லாம் இந்தப் பொய் குறுக்கே வந்து நிற்கும். இப்போது சொல்கிறேன். நன்றி ஆர்டிஸ்.

பெர்னி

*

நார்டால்
ஆகஸ்ட் 31

பெர்னி,

உன் கடிதத்தை மூன்று வாரம் ரொட்டி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அடுப்பில் போடலாமா என்று தினமும் யோசித்தேன். வெர்லின், "போடறதுன்னா போடு, எனக்கு ரொட்டி எடுக்க வழியில்லை" என்றார்.

எனக்கு உன்மேல் கோபம். அதில் மாற்றம் இல்லை. ஆனால் கோபப்பட உட்கார்ந்தால் ஒவ்வொரு தடவையும் வேறொன்று குறுக்கே வருகிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை, வெர்லினிடம்கூட.

நீ என்னிடம் சொன்னது, "அவரோட ஆளுங்க உறுதியா சொல்லிட்டாங்க" என்று. நான் கூடத்தில் எழுந்து நின்று சொன்னது அது இல்லை. "எனக்கு அவரே வாக்குக் குடுத்திருக்கார்" என்றேன். அவரே! அந்த மனிதர் என்னிடம் மொத்தம் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறார். கை குலுக்கிவிட்டு, "உங்க கோட்டு நல்லா இருக்கு" என்றார். முந்நூறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் பெரிதாகச் சொன்னால் என்ன என்று தோன்றியது. பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைக்கு லெஸ்டரின் முப்பத்தெட்டு மாடு.

நீ கொஞ்சம் நீட்டினாய், நான் மிச்சத்தை நீட்டினேன். இரண்டு வருஷமாக முழுப் பழியையும் உன் தலையில் வைத்துவிட்டு நான் நல்லவளாக உட்கார்ந்திருந்தேன். நீ எழுதியிருக்காவிட்டால் சாகும்வரை அப்படியே இருந்திருப்பேன். அதற்காக உனக்கு நன்றி. எழுதக் கஷ்டமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

நேற்று லெஸ்டரிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். அவர் தபால் பெட்டி வரை போனேன். திரும்பிவிட்டேன்.

ஜனாதிபதியைப் பெஞ்சில் உட்காரவை, பெர்னி. எப்படியாவது.

ஆர்டிஸ்

*

மில்வாக்கி
செப்டம்பர் 24

ஆர்டிஸ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கேலி செய்யாதே.

சிகாகோவில் ஜனாதிபதியின் விமானத்தில் எனக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தது. பிரெஸ்காட் பக்கத்திலேயே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் உட்காரணும்?" என்றார் ஜனாதிபதி.

"ஒன்றரை மணி நேரம், சார்."

"சும்மாவா?"

"சும்மா இல்லை. பக்கத்துல இருக்கிறவங்க பேசுவாங்க."

"என்ன பேசுவாங்க?"

"நீங்க கையெழுத்துப் போட்டதைப் பத்தி."

 "அங்க எனக்கு ஓட்டு விழுமா?" என்றார். தெரியாது என்றேன். பிரெஸ்காட்டின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தேர்தல் வேலையில் இருப்பவர் வாயிலிருந்து வரக்கூடாத ஒரே சொல் அது. ஆனால் ஜனாதிபதி சிரித்தார். "சரி, எண் வாங்கிக்கலாம்" என்றார்.

இது வாய்வார்த்தை. எழுத்தில் இல்லை. நடுவில் எது வேண்டுமானாலும் மாறும். இந்தத் தடவை எதையும் விழுங்காமல் அப்படியே உனக்குச் சொல்கிறேன்.

பெர்னி

*

நார்டால்
அக்டோபர் 16

அன்புள்ள பெர்னி,

உன் வேலை போனதைச் செய்தித்தாளில்தான் பார்த்தேன். மூன்று வரி. அலுவலகத்துக்குப் போன் செய்தால், "அவங்க இங்க இல்லை" என்றார்கள். அதனால் உன் அக்கா வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன்.

நீ கூடத்துக்கு இறங்குகிற படிக்கட்டுக் கதவில் நின்றதால் உள்ளே நடந்தது முழுவதும் உன் காதில் விழுந்திருக்காது. சொல்கிறேன்.

ஜனாதிபதி வாசலில் சீட்டு வாங்கினார். நூற்று எண்பத்தேழு. என் வரிசையில் வந்து உட்கார்ந்தார். முதல் கால் மணி நேரம் யாரும் அவரோடு பேசவில்லை. எங்களைத் தெரியுமே, மழையைப் பற்றிப் பேசவே எங்களுக்குக் கால் மணி நேரம் வேண்டும். பிறகு ஒருவர் அவருடைய ஷூவைப் பற்றிக் கேட்டார். அப்படியே தொடங்கியது.

நூற்று இருபது வரை கூப்பிட்டபோது பிரெஸ்காட் வேகமாக வந்தார். "சார், கீழ கேமரா தயாரா இருக்கு. இப்பவே போயிடலாம்" என்று அவர் கையைப் பிடித்தார். ஜனாதிபதியும் பாதி எழுந்துவிட்டார்.   முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது உன் குரல். "நூத்தி இருபது வரைக்கும்தான் கூப்பிட்டிருக்காங்க!"

"பெர்னடெட், வழியை விடுங்க. இவர் அமெரிக்க ஜனாதிபதி" என்றார் பிரெஸ்காட்.

"தெரியும். இவருக்கு முன்னாடி இன்னும் அறுபத்தாறு பேர் இருக்காங்க."

இரண்டு கையையும் விரித்துக் கதவை அடைத்துக்கொண்டு நின்றாய். கத்தோலிக்கப் பெண்பிள்ளை எங்கள் புராட்டஸ்டன்ட் தேவாலயத்து வரிசையைக் காப்பாற்றுகிறாள் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். ஜனாதிபதி உன்னைப் பார்த்தார், கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

முன் பெஞ்சில் லெஸ்டர் இருந்தார். அதுவரை திரும்பாதவர் அப்போதுதான் திரும்பினார்.

"முப்பத்தெட்டு மாடு வித்தேன்" என்றார். "முந்தியே வித்திருப்பேன். இந்தம்மா சொன்னாளேன்னு வெச்சிருந்தேன். நீங்க அவகிட்ட வாக்குக் குடுத்தீங்களா, இல்லையா?"

ஜனாதிபதி என்னைப் பார்த்தார். பெர்னி, அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. கொடுத்தேன் என்றால் அவர் பொய்யர். இல்லை என்றால் நான். எதைச் சொல்வது என்று அவர் என்னையே கேட்கிற மாதிரி இருந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"இல்ல லெஸ்டர். இவர் குடுக்கலை. குடுத்தார்னு நான்தான் சொன்னேன். பெருமைக்காகச் சொன்னேன். உன் மாடு போனதுல என் பங்கு இருக்கு. இதை உன் வாசல்ல வந்து சொல்ல எனக்குத் தைரியம் வரலை."

 பக்கத்தில் வெர்லின் என் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது ஜனாதிபதி சொன்னார். "இவங்க கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனா என் பேரைச் சொல்லி இங்க ஓட்டு வாங்கினாங்க, அந்த ஓட்டை வேண்டாம்னு நான் சொல்லலை. அப்புறம் விலையைக் குறைச்சுக் கையெழுத்துப் போட்டேன். போடறப்ப உங்களை மாதிரி ஆளுங்க ஞாபகத்துக்கே வரலை. அது என் தப்பு."

 அதற்குள் வாசலில், "நூத்தி எழுபதுல இருந்து நூத்தி எண்பது" என்று கூப்பிட்டார்கள். லெஸ்டருடையது நூற்று எழுபத்தொன்று. எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

ஜனாதிபதி இரண்டு தட்டு சாப்பிட்டார். வெண்ணெயை அதிகமாக ஊற்றிக்கொண்டார், அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

நீ ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் போய்விட்டாய். பெர்னி, என்னால் உன் வேலை போய்விட்டது. என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உன்
ஆர்டிஸ்

*

மில்வாக்கி
அக்டோபர் 25

என் அன்பு ஆர்டிஸ்,

உன்னால் போகவில்லை. கதவை அடைத்துக்கொண்டு நின்றது நான்தான்.

வண்டி நிறுத்துமிடத்தில் பிரெஸ்காட் என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கத்தவில்லை. "நீங்க செஞ்சது சரியா தப்பான்னு நவம்பர்ல தெரியும். ஆனா உங்களை வெச்சுக்கிட்டு நான் வேலை பார்க்க முடியாது" என்றார். சரி என்றேன். அவர் நிலையில் நானும் அதையே செய்திருப்பேன்.

ஆனால் பயமாக இருக்கிறது. உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் பெஞ்சில் இருந்திருக்கிறார். "உங்களை மாதிரி ஆளுங்க ஞாபகத்துக்கே வரலை" என்ற அந்த ஒரு வரியை எதிராளி எடுத்துக்கொண்டு பத்து நாளாக மணிக்கு மணி ஒளிபரப்புகிறார். என் அக்கா வீட்டில் ரேடியோவைத் திறந்தாலும் அதுதான். நகரத்தைச் சுற்றியுள்ள இடங்களில் நம் ஓட்டு சரிகிறது என்கிறார்கள். மாநிலம் கையைவிட்டுப் போனால் அதற்குக் காரணம் நான்தான். இருபத்தாறு வருஷம் இந்த வேலைதான் பார்த்திருக்கிறேன், வேறொன்றும் தெரியாது. இனி யாரும் எனக்கு ஒரு சுவரொட்டி ஒட்டுகிற வேலைகூடத் தரமாட்டார்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றைச் சொன்னால் நம்புவாயா? இரவு படுத்தால் தூங்குகிறேன். நான்கு வருஷமாக அப்படித் தூங்கியதில்லை. நீ எழுந்து நின்று லெஸ்டரிடம் பேசியது என் காதில் விழுந்தது, ஆர்டிஸ். ஒவ்வொரு சொல்லும். அதில் பாதி என்னுடைய பாவம். என் பெயரைச் சொல்லாமல் முழுவதையும் நீயே தூக்கிக்கொண்டாய். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

பகல் பதினொன்றிலிருந்து ஒன்று வரை என் வார்டுக்காரர்களுக்கு அக்கா வீட்டு போனில் பேசுகிறேன். யாரும் சம்பளம் தரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

பெர்னி

*

நார்டால்
நவம்பர் 9

அன்புள்ள பெர்னி,

மாநிலம் கிடைத்துவிட்டது. உனக்கே தெரியும், இருந்தாலும் என் கையால் ஒருமுறை எழுத ஆசை. ஆறாயிரத்துச் சொச்சம் ஓட்டு. நகரத்தைச் சுற்றி விட்டிருந்தாலும், மேற்கே பயந்த அளவுக்கு விடாததால் தப்பித்தது.

எங்கள் மாவட்டத்தில் தோற்றுவிட்டோம். முப்பத்தொரு ஓட்டில். ஆயிரத்தைந்நூறில் தோற்போம் என்றுதான் ஜூலையில் உங்கள் அலுவலகக் கணக்காம். மற்ற ஐந்திலும் இதே கதைதானாம். பிரெஸ்காட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பால் மாவட்டங்கள் முதலிலிருந்தே தன் திட்டத்தில் இருந்தன என்றார். வெர்லின் தொலைக்காட்சியைப் பார்த்து, "அந்தச் சிவப்புப் பென்சில் எங்கய்யா?" என்று கேட்டார். நான்கு மாதத்தில் அவர் பேசிய நீளமான அரசியல் பேச்சு அது.

வெள்ளை மாளிகையிலிருந்து எனக்கு நன்றிக் கடிதம் வந்திருக்கிறது. கையெழுத்தை மெஷின் போட்டிருக்கிறது. உனக்கு அதுவும் வந்திருக்காது என்று தெரியும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் கறவை நடந்துகொண்டிருந்தது. தொழுவத்துக் கதவு திறந்தது. வெர்லின்தான் என்று நினைத்து நான் தலையைத் தூக்கவில்லை.

"நான் அந்தாளுக்கு ஓட்டுப் போடலை, ஆர்டிஸ்."

லெஸ்டர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு வருஷம் ஏழு மாதம் கழித்து.

"சரி, லெஸ்டர்" என்றேன்.

"உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

"சொன்னதுக்குச் சந்தோஷம்."

அவர் போகவில்லை. என் மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது மாட்டின் முதுகில் கை வைத்தார். பிறகு கேட்டார். "பத்து மாடு வாங்கலாமான்னு பார்க்கறேன். மறுபடி. விலை நிக்குமா? நீ என்ன நினைக்கிறே?"

பெர்னி, முந்நூறு பேர் முன்னால் எழுந்தபோது எனக்கு இவ்வளவு பயம் இல்லை. அவர் என்னைக் கேட்கிறார். இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்க, சாலையைத் தாண்டி வந்து என்னைக் கேட்கிறார். நிற்கும் என்று சொல்லத் துடித்தேன். அவர் கை அந்த மாட்டின் மேல் இருந்தது. அதற்காகவாவது சொல்லலாம் என்று வாய்வரை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாது லெஸ்டர்" என்றேன்.

 அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பக்கத்திலிருந்த கறவை மெஷினை எடுத்துக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் பக்கத்தில் குந்தினார். அன்று எங்கள் கறவை அரை மணி நேரம் முன்னதாக முடிந்தது.

உனக்கு என் நன்றி, பெர்னி.

ஆர்டிஸ்